எந்தப் பக்கம் மெல்லுவீங்க?

வாய் ஓயாத என் எஸ்தருக்கு,

ஜெயித்துவிட்டோம். சுற்றி வளைக்காமல் முதலில் அதைச் சொல்லிவிடுகிறேன். உனக்குத்தான் பொறுமை கிடையாதே. என் எம்.டி.எஸ். ஆய்வேடு தேறிவிட்டது, உன் கேள்வியோடு சேர்த்து. அதில் ஒரு சொல்லைக்கூட யாரையும் மாற்ற விடவில்லை.

நான் உக்கடத்து வளையல் கடைக்காரர் மகள். நீ தொண்டாமுத்தூரில் தென்னந்தோப்பு வேலைக்குப் போய்ப் படிக்க வைத்த அம்மாவின் ஒரே மகள். கோவையில் ஒரு பல் மருத்துவக் கல்லூரியில், பொதுச் சுகாதாரப் பிரிவில் ஒன்றாக மேற்படிப்புக்குச் சேர்ந்தோம். நான் உன்னைவிட மூத்தவள். ஒரு நாளாவது அக்கா என்று கூப்பிட்டிருக்கிறாயா?

சூலூர் விசைத்தறித் தொழிலாளர்களின் பல் நோய் என் ஆய்வு. உன்னுடையது வேறு. ஆனாலும் ஒவ்வொரு முகாமுக்கும் என்னோடு பஸ் ஏறிவிடுவாய், ஜன்னல் சீட்டும் உனக்குத்தான். அங்கே நான் வாயைப் பார்ப்பேன், நீ கேள்வித்தாளில் உள்ளதைக் கேட்டு எழுதுவாய்.

முதல் சுற்று முடிந்தபோது எனக்கு ஒன்றுமே புரியவில்லை. வாயைத் திறந்தால் சொத்தை, உடைந்த பல், வீங்கின ஈறு. தாளைப் பார்த்தால் யாருக்குமே வலி இல்லை. "பல் வலி இருக்குதுங்களா?" என்ற கேள்விக்கு நேரே வரிசையாக "இல்லை". நல்ல தாங்குசக்தி உள்ள மனிதர்கள் என்று நான் ஒரு விளக்கம்கூட எழுதத் தயாராகிவிட்டேன்.

நீ விழுந்து விழுந்து சிரித்தாய். "ஏண்டி, நம்மூர்ல போயி வலிக்குதுங்களான்னு கேட்டா யாரு ஆமாம்பாங்க? டாக்டரம்மா சங்கடப்படுமேன்னு பரவால்லீங்கன்னுதான் சொல்லுவாங்க. நீ வலியக் கேக்கல, அவங்க மரியாதையக் கேட்டுட்டு வந்திருக்கற."

அன்று மாலை தறிக்கூடத்து வாசலில் எல்லோரும் டீ குடித்துக்கொண்டிருந்தார்கள். காலையில் நம்மிடம் வலி இல்லை என்று சொன்ன ஒரு அக்கா மொறுமொறு வர்க்கியை டீயில் நனைத்து நனைத்துத் தின்றுகொண்டிருந்தார். நீ பக்கத்தில் போய் உட்கார்ந்துகொண்டாய்.

"ஏனுங்க்கா, எந்தப் பக்கம் மெல்லுவீங்க?"

"சோத்தாங்கைப் பக்கந்தானுங்க."

"எப்ப இருந்துங்க்கா?"

"போன தீவாளில இருந்துங்க. பீச்சாங்கைப் பக்கம் வெச்சா சுருக்குங்குது, உசுரு போயிருது."

இப்படிப் பிறந்ததுதான் உன் கேள்வி. ஒரு பக்கமே மெல்லுவது பழக்கமாகவும் இருக்கலாமே என்று நான் மடக்கினேன். அதற்குத்தான் இரண்டாவது கேள்வி என்றாய். பழக்கம் உள்ளவர்கள் எப்பவுமே இப்படித்தான் என்பார்கள், வலி உள்ளவர்களுக்கு அது ஆரம்பித்த நாள் ஞாபகம் இருக்கும். முகாமை முதலிலிருந்து திரும்ப நடத்தினோம். உன் கேள்விக்கு வந்த பதில்களை நான் பார்த்த வாய்களோடு ஒப்பிட்டோம். அவர்கள் மெல்லாத பக்கத்தில்தான் அனேகமாகச் சொத்தை இருந்தது.

அந்த மழைக்காலத்தில்தான் உனக்குக் காய்ச்சல் வந்தது. வார்டில் டியூட்டி டாக்டர் "வயிறு வலிக்குதுங்களா?" என்று கேட்டார். "பரவால்லீங்க சார்" என்றாய். உன் பேச்சை நம்பி அவர்கள் சும்மா இருந்துவிடவில்லை. ஸ்கேன் எடுத்தார்கள், செய்ய வேண்டிய எல்லாம் செய்தார்கள். டெங்குதான் விடவில்லை. ஆனால் அந்தப் "பரவால்லீங்க" இன்னும் என் காதில் நிற்கிறது. அந்தச் சொல்லை நம்பாதே என்று எனக்குப் பாடம் எடுத்தவள், நீயே ஏனடி அதைச் சொன்னாய்?

நீ போன பிறகு கைடு மேடம் என்னைக் கூப்பிட்டார். கெட்டவர் இல்லை, என் மேல் அக்கறையில்தான் சொன்னார். "பர்வீன், உலகம் பூரா ஒத்துக்கிட்ட கேள்வித்தாள் ஒண்ணு இருக்குது. அதை மட்டும் வெச்சு எழுதிரு. இந்தக் கேள்வியால ஆய்வேட்டைத் திருப்பி அனுப்பிட்டா உனக்கு அரை வருஷம் போயிரும். நாளைக்கு இதுக்கு யாரு பதில் சொல்றது? கேட்டவளே இல்லியே."

"நான் இருக்கறனுங்க, மேடம்" என்றேன். அழவில்லை. எனக்குக் கோபம் வந்தால் அழுகை வராது, உனக்குத் தெரியும். நீ இல்லாமல் போனதே போதும். நீ கண்டுபிடித்ததும் இல்லாமல் போக வேண்டுமா?

வாய்மொழித் தேர்வுக்கு வெளியூரிலிருந்து வந்த பேராசிரியர் நாம் பயந்த மாதிரியே அங்கேதான் பிடித்தார். "வலி இருக்கா என்று கேட்டால் போதுமே. படித்தவர்களிடம்கூடவா இப்படிச் சுற்றிக் கேட்பீர்கள்?"

டீ நேரத்தில் அவர் முறுக்கு தின்றதை நான் பார்த்திருந்தேன். என்ன தைரியமோ. "சார், கோவிச்சுக்காதீங்க. உங்களுக்குப் பல் வலி ஏதாச்சும் இருக்குதுங்களா?"

"இல்லையே."

"முறுக்கை எந்தப் பக்கம் மெல்லுவீங்க, சார்?"

மேடம் கண்ணை மூடிக்கொண்டார். பேராசிரியர் நாக்கால் கன்னத்தின் உள்பக்கத்தைத் தடவிப் பார்த்தார். "இடது பக்கம்" என்றார்.

"எப்ப இருந்துங்க சார்?"

"பொங்கலுக்கு அப்புறம்" என்று சொல்லிவிட்டு அவரே சிரித்துவிட்டார். அதற்காக என்னை விட்டுவிடவில்லை. புள்ளியியலில் முக்கால் மணி நேரம் வறுத்தெடுத்தார். எல்லாவற்றுக்கும் பதில் சொன்னேன். கடைசியில், இந்தக் கேள்வி யாருடையது என்று கேட்டார். உன் பெயரைச் சொன்னேன். எங்கே, கூப்பிடுங்கள் என்றார். மேடம்தான் மெதுவாக விஷயத்தைச் சொன்னார். இப்போது நம் ஜூனியர்கள் சரவணம்பட்டிப் பக்கத்துக் கட்டட வேலைக்காரர்களிடம் அதே கேள்வியைக் கேட்டுக்கொண்டிருக்கிறார்கள். அதற்கு எஸ்தர் கேள்வி என்றே பெயர்.

முடிவு வந்த அன்றே ஸ்வீட் பெட்டியோடு உன் வீட்டுக்குப் போனேன். அம்மா காபி போட்டுக் கொடுத்து என் தலையைத் தடவினார். "எப்படி இருக்கறீங்கம்மா?" என்றேன்.

"பரவால்ல கண்ணு. நல்லாத்தான் இருக்கறேன்."

எனக்குச் சுருக்கென்றது. டம்ளரைக் கீழே வைத்துவிட்டு மறுபடி கேட்டேன். "அம்மா, ராத்திரி எங்கம்மா படுக்கறீங்க?"

அம்மா ஜன்னலைப் பார்த்துக்கொண்டிருந்தார். "அவ கட்டில்லதான் கண்ணு. போர்வைய இன்னும் தொவைக்கல."

"எப்ப இருந்துங்கம்மா?"

"அவள அடக்கம் பண்ணிப்போட்டு வந்தமே, அன்னைக்கிருந்து."

உன் அடக்கத்தன்றுகூட வாய்விட்டு அழாத அம்மா, அன்று என் தோளில் சாய்ந்து அழுதார். நானும்தான். இரண்டு பேரும் நன்றாக அழுது முடித்தோம், எஸ்தர். பிறகு ஸ்வீட்டும் சாப்பிட்டோம்.

இனி ஞாயிற்றுக்கிழமைகளில் அம்மா சர்ச்சிலிருந்து திரும்பும்போது நான் உன் வீட்டு வாசலில் இருப்பேன். பரவாயில்லை என்று அவர் சொன்னால் அதோடு விடமாட்டேன், அடுத்ததையும் கேட்பேன். நீ சொல்லிக்கொடுத்தபடியே கேட்பேன்.

இனிமேல் நீ மறுக்கவே முடியாத,
உன் அக்கா
பர்வீன்