ஏரிக்கு மேலே நாற்பது நொடி

8.3.2009
என் பறக்கும் இயந்திரம் இன்று பறந்தது. ஒரு முழ உயரம். பிறகு குப்புற விழுந்து, மாட்டுக்கு வைத்திருந்த வைக்கோலை நறுக்கித் தள்ளியது. நான்கு மோட்டார், நான்கு விசிறி, ஒரு மைக்ரோகண்ட்ரோலர், பழைய ஆன்டெனாக் குழாய். ஆறு மாதம் உழைத்து வைக்கோல் வெட்டும் இயந்திரம் செய்திருக்கிறேன்.
தங்கை பூங்கொடி கேட்டாள்: "இன்னாண்ணா, மிக்சியா?"

29.3.2009
எதற்காக இது என்பதை எழுதி வைக்கிறேன். எங்கள் ஏரிக்குள் மனை வியாபாரி மண் கொட்டி மனைக்கல் நடுகிறான். ஏரி போனால் கீழே நாற்பது குடும்பத்துக்கு நெல் இல்லை, எங்களையும் சேர்த்து. மூன்று மனு கொடுத்தாயிற்று. தாலுகா ஆபீஸில் ஒரே கேள்வி: "ஏரிக்குள்ளதான் கொட்றான்னு இன்னாப்பா ஆதாரம்?" கிட்டே போனால் அடியாட்கள். ஹெலிகாப்டரில் போய்ப் படமெடுக்க நான் என்ன மந்திரியா?

12.4.2009
விழுந்தது.

13.4.2009
விழுந்தது. புரோகிராமில் கூட்டல் குறி வரவேண்டிய இடத்தில் கழித்தல். இடப்பக்கம் சாய்ந்தால் இன்னும் இடப்பக்கம் சாயச் சொல்லியிருக்கிறேன். அரசாங்கத்தில் சேர எல்லாத் தகுதியும் இருக்கிறது எனக்கு.

3.5.2009
ஏரிக்கு மேலே அந்தரத்தில் நாற்பது நொடி நின்றது. அடியில் கட்டியிருந்த பழைய டிஜிட்டல் கேமராவின் பட்டனைக் குட்டி மோட்டார் அழுத்தியது. பதினோரு படம். பத்தில் வானமும் என் செருப்பும். ஒன்றில் ஏரி, முழுசாக.

4.5.2009
கிராம வரைபடத்தோடு ஒப்பிட்டேன். மனைக்கற்கள் ஏரிக்குள்தான். தெற்கு மூலையிலும் உள்ளே ஏதோ தகரக்கூரை பளபளத்தது. எந்தத் திருடன் என்று பெரிதாக்கினேன்.
எங்கள் மாட்டுக் கொட்டகை.
அப்பா அசரவில்லை. "உங்க தாத்தா கட்னதுடா. அந்த மூலைய வெட்டிட்டுக் குடு."
சுண்ணாம்பு அடித்த ஏரி எல்லைக்கல்லும் அதே மூலையில்தான் தெரிகிறது. வெட்டினால் ஏரி எல்லை தெரியாது, படம் ஆதாரமே இல்லை. ஊரைத் திருத்தக் கிளம்பினவன் மூஞ்சியைப் பாரு. தூ.

11.5.2009
படத்தை வெட்டாமல் ஆபீஸில் கொடுத்தேன். அப்பா என்னோடு பேசுவதில்லை.

9.6.2009
ஜேசிபி வந்தது. கொட்டகை பத்து நிமிடத்தில் தரைமட்டம். மனைக்கற்களைக் காட்டிக் கேட்டேன். "அது கோர்ட்ல கீது" என்றார் வந்த அதிகாரி. போகும்போது தட்டிக்கொடுத்தார்: "படம் சூப்பரா கீதுப்பா. இன்னா கேமரா?"

21.6.2009
மாட்டை வாசலில் கட்டியிருக்கிறோம். என் ஒயர்களை முகர்ந்து பார்க்கிறது. மதியம் சாப்பிடும்போது அப்பா தட்டைப் பார்த்தபடியே சொன்னார்: "ஏரி மதகாண்டயும் மண்ணு கொட்ட ஆரம்பிச்சுட்டான். போய் எடுத்துகினு வா. இப்பதான் நம்மளுது ஒண்ணும் உள்ள இல்லியே."
பேட்டரி சார்ஜ் ஏறிக்கொண்டிருக்கிறது.