போல்ட்டில் வைத்த சிவப்புப் பொட்டு

பாய்,

நம்ம ஆம்பூரை வேலூர் ஜில்லாவிலிருந்து பிரித்துத் திருப்பத்தூரோடு சேர்த்தார்களே, அந்த வருஷம் நீங்கள் எடுத்த வெள்ளை வண்டிக்கு ஆயில் மாற்ற வேண்டுமாம். இன்று காலை போன் வந்தது. வண்டி எடுத்த அன்று ஷோரூமில் நம்பர் கேட்டபோது, "எனக்கு போன் பண்ணி பேஜார் பண்ணாதீங்க, எங்க டிரைவர் நம்பர எழுதிக்கோங்க" என்று சொன்னது நீங்கள்தான். அதனால் இன்னும் எனக்கே வருகிறது. பேசியது ஒரு பெண். உங்கள் பெயரைச் சொல்லி, சார் இருக்காரா என்று கேட்டது.

"இல்லம்மா."

"எப்ப சார் வருவாரு?"

வண்டியை வித்தாச்சும்மா என்று மட்டும் சொன்னேன். அந்தப் பெண் நன்றி சொல்லி வைத்துவிட்டது. வயிறு எரிந்தது பாய். இத்தனை நாள் கழித்தும் அந்த ஷோரூம் பெயர் காதில் விழுந்தால் எனக்கு வயிறு எரிகிறது. இதை உங்களிடம் சொல்லாமல் யாரிடம் சொல்வேன்? எனக்கு எழுதத் தெரியாது என்பது உங்களுக்குத் தெரியும். ஷூ கம்பெனிக்கு லீவு என்பதால் மருமகள் எஸ்தர் வீட்டில் இருக்கிறாள். நான் சொல்லச் சொல்ல அவள் எழுதுகிறாள்.

முப்பத்தெட்டு வருஷம் உங்களுக்கு வண்டி ஓட்டினேன். அதில் கடைசி இரண்டரை வருஷம் போக, மற்ற எல்லா வருஷமும் ஆயில் மாற்றியது இந்தக் கைதான். வெள்ளிக்கிழமை தோல் பதனிடுகிற நம்ம ஷாப்புக்கு லீவு. தோல் ஊறுகிற டிரம் ஓடாது, முற்றம் காலியாக இருக்கும். வண்டியை இரண்டு கட்டைமேல் ஏற்றி, அடியில் படுத்துப் போல்ட்டைத் திருகுவேன். நீங்கள் கவிழ்த்துப் போட்ட நீல பேரல்மேல் உட்கார்ந்து பேப்பர் படிப்பீர்கள். சூடான ஆயில் தட்டில் விழுகிற சத்தம் கேட்டதும் பேப்பரை மடித்துவிட்டுக் குனிவீர்கள். நான் ஒரு சொட்டை எடுத்து விரல்களுக்கு நடுவில் தேய்ப்பேன், முகர்ந்து பார்ப்பேன்.

"இன்னா சொல்லுது சூசை?"

"இந்த தபா லேட் பண்ட்டோம் பாய். அடுத்த தபா பத்து நாள் முன்னாடியே மாத்திடணும்."

"சரி, மாத்திடு."

அவ்வளவுதான். மேலே ஒரு கேள்வி கேட்டதில்லை. சென்னையிலிருந்து வந்த பெரிய வியாபாரி ஒருவர் பக்கத்தில் நின்று இதைப் பார்த்துச் சிரித்தார். நீங்கள் அவரிடம், "நான் தோல தொட்டு சொல்லுவேன், இவன் ஆயில தொட்டு சொல்லுவான். எங்க ரெண்டு பேருக்கும் ஒரே வேலதான்" என்றீர்கள். அந்த ஒரு வார்த்தையை வைத்துக்கொண்டு எத்தனை வருஷம் நான் தெருவில் நெஞ்சை நிமிர்த்தி நடந்தேன் தெரியுமா?

வெள்ளை வண்டி வந்தது. வெளியில் ஆயில் மாற்றினால் வாரண்டி போய்விடும் என்று ஷோரூமில் சொன்னார்கள். நீங்கள் நம்பினீர்கள். அதைக்கூட நான் பொறுத்துக்கொண்டேன். புது வண்டி, கம்பெனிக்காரன் வண்டி, அவன் சொல்கிறான், சரி. ஆனால் ஹைவேயில் ஐம்பது கிலோமீட்டர், வேலூர்வரை ஓட்டிக்கொண்டுபோய் உங்களை அந்த வாசலில் இறக்கினால், "டிரைவருங்க அந்தாண்ட பெஞ்சுல ஒக்காருங்க" என்றான் செக்யூரிட்டி. நீங்கள் கண்ணாடிக் கதவுக்கு உள்ளே போனீர்கள். நான் வெளியே பெஞ்சில். முப்பத்தைந்து வருஷமாக வண்டியின் அடி வயிற்றைப் பார்த்தவன் நான். இப்போது அதைத் தூக்கி நிறுத்துகிற இடத்துக்கு எனக்கு அனுமதி இல்லை.

உள்ளே உங்கள் பக்கத்தில் ஒரு வெள்ளைச் சட்டைக்காரன் நின்றான். கையில் பலகை மாதிரி பெரிய போன். அதில் எதையோ காட்டுவான், நீங்கள் தலையாட்டுவீர்கள். கண்ணாடி வழியாகச் சத்தம் வராது, வாய் அசைவதுதான் தெரியும். மெஷினில் பிடித்த காப்பியைக் கொண்டுவந்து கொடுத்தான். அவன் ஏதோ சொன்னான், நீங்கள் சிரித்தீர்கள். அது எனக்குத் தெரிந்த சிரிப்பு. மூக்குக்கண்ணாடியைக் கழற்றிக் கண்ணைத் துடைத்துக்கொள்கிற சிரிப்பு. அதை யாருக்கும் சும்மா கொடுக்க மாட்டீர்கள்.

வாசல்வரை வந்து வழியனுப்பும்போது, முதல் தடவை அவன் உங்களை சார் என்றான். இரண்டாவது தடவை பாய் என்றான். கூச்சமில்லாமல் உங்களைப் பாய் என்று கூப்பிட எனக்கு எத்தனையோ வருஷம் பிடித்தது.

பக்ரீத் முடிந்து ஷோரூமுக்குப் போனபோது அவனிடம் கால் சைஸ் கேட்டீர்கள். நம்ம தோலில் தைத்த கறுப்பு ஷூ ஒரு ஜோடி அடுத்த வாரம் அவனுக்குப் போனது. கொண்டுபோய்க் கொடுத்தவன் நான். எனக்கும் பண்டிகைக்குப் பண்டிகை செருப்பு கொடுத்தீர்கள், இல்லை என்று சொன்னால் நாக்கு அழுகிவிடும். ஆனால் அவனுக்கு ஷூ. என் கால் அளவை நீங்கள் ஒரு நாளும் கேட்டதில்லை. கேட்காமலே சரியாக இருக்கும். அதைக்கூட அப்போது நான் குறையாகத்தான் எடுத்துக்கொண்டேன்.

இன்னொன்றும் இருக்கிறது, இதுவரை யாரிடமும் சொல்லாதது. அவர்கள் மாற்றிய ஆயிலை வீட்டுக்கு வந்ததும் தேய்த்துப் பார்ப்பேன். டீசல் எஞ்சினில் புது ஆயிலும் ஊர் வந்து சேர்வதற்குள் கறுத்துவிடும், கண்ணால் பார்த்துத் தெரியாது. விரல்தான் சொல்ல வேண்டும். இந்தப் புது ஆயிலோ தண்ணீர் மாதிரி. என் விரலுக்கு அது ஒன்றுமே சொல்லவில்லை. நல்லதா, கெட்டதா, மாற்றினார்களா, இல்லையா, எதுவும் தெரியவில்லை. அன்று எனக்குப் பயம் வந்தது. விரலும் சொல்லாது, காகிதமும் படிக்கத் தெரியாது என்றால் உங்களுக்கு நான் எதற்கு?

அந்தப் பயத்தில்தான் பொட்டு வைத்தேன். மூன்றாவது தடவை போவதற்கு முதல் நாள், தோலுக்குக் கலர் அடிக்கிற செக்‌ஷனில் போய் ஒரு மூடி சிவப்பு வாங்கினேன். வண்டிக்கு அடியில் படுத்து, ஆயில் வடிக்கிற போல்ட்டின் தலையிலும் அதை ஒட்டிய தகட்டிலும் சேர்ந்தாற்போல் ஒரே பொட்டாக வைத்தேன். போல்ட்டை ஒரு நூல் திருப்பினாலும் பொட்டு உடைந்துவிடும். தோலில் ஏறினால் போகாத கலர் அது.

வண்டி போய் வந்தது. மறுநாள் படுத்துப் பார்த்தேன். பொட்டு முழுசாக இருந்தது.

எனக்கு வந்த சந்தோஷத்தை எப்படிச் சொல்வேன்? உங்களை ஏமாற்றிவிட்டார்கள் என்று கோபம் வரவில்லை பாய். சந்தோஷம்தான் வந்தது. சட்டையில் மண்ணோடு ஓடிவந்து உங்களிடம் சொன்னேன். உங்கள் முகம் சிவந்தது. "வண்டிய எடு" என்றீர்கள். ஹைவே முழுக்க நான் பாட்டுப் பாடாத குறைதான்.

அன்று நானும் கண்ணாடிக் கதவுக்கு உள்ளே வந்தேன். செக்யூரிட்டியால் தடுக்க முடியவில்லை. பத்துப் பேர் எதிரில், "போல்ட்டையே தொடல பாய் இவங்க! நான் பொட்டு வச்சி பாத்துட்டேன். ஆயில் மாத்தினேன்னு கூசாம சொல்றான் பாருங்க" என்று கத்தினேன்.

வெள்ளைச் சட்டைக்காரன் கோபப்படவில்லை. கோபப்பட்டிருந்தால் எனக்கு நல்லதாக இருந்திருக்கும்.

"பெரியவரே, நாங்க போல்ட்ட கழட்டறதே இல்ல. மேலருந்தே உறிஞ்சி எடுத்துடுவோம். வாங்க, காட்றேன்."

கூட்டிக்கொண்டுபோய்க் காட்டினான். ஒரு மெஷின், பெரிய கண்ணாடிக் குடுவை மாதிரி. ஆயில் அளவு பார்க்கிற குச்சியை உருவிவிட்டு, அந்தத் துளையில் ஒல்லியான குழாயை விட்டான். வேறு யாருடைய வண்டியோ. கறுப்பு ஆயில் மேலே ஏறி ஏறிக் குடுவை நிறைந்தது. அடியில் ஒரு போல்ட்டையும் யாரும் தொடவில்லை. ஆயில் கீழேதான் விழும் என்று அவ்வளவு வருஷம் நினைத்திருந்தவன் நான்.

சுற்றி நின்றவர்கள் சிரித்தார்கள். அவர்கள் யாரோ, எவரோ, அது ஒன்றுமில்லை. நீங்களும் சிரித்தீர்கள். கண்ணாடியைக் கழற்றிக் கண்ணைத் துடைத்துக்கொண்டு.

திரும்பும்போது, "எம்மேல இருக்கற பாசத்துலதான் செஞ்ச. தெரியும். ஆனா மொதல்ல அந்தப் பையன ஒரு வார்த்த கேட்டிருக்கலாம்ல?" என்றீர்கள்.

"இனிமே அந்த ஷோரூமுக்கு நான் வண்டி எடுக்கமாட்டேன் பாய். வேற எங்க வேணா சொல்லுங்க. அங்க மட்டும் வேணாம்."

"சரி, வேணாம். அதுக்கு மட்டும் ஜப்பார் ஓட்டட்டும்."

ஜப்பார் பாய், உங்கள் மச்சான். அவர் வண்டி ஓட்டுகிற அழகு ஊருக்கே தெரியும். இருந்தும் நீங்கள் ஒரு பேச்சுக்குக்கூட என்னை வற்புறுத்தவில்லை. "அட, வா சூசை" என்று ஒரு தடவை சொல்லியிருந்தால் வந்திருப்பேன். சொல்லவில்லை. நானும் இறங்கி வரவில்லை.

பாலாற்றில் இரண்டு கரையும் தொட்டு வெள்ளம் போனதே, அதற்கு அப்புறம் வந்த தை மாசம். ஆயில் மாற்றுகிற நாள். ஜப்பார் பாய் வண்டியை எடுத்தார். நீங்கள் பின்னால் ஏறி உட்கார்ந்து கண்ணாடியை இறக்கி, "நீ வீட்டுக்கு போ சூசை, சாயந்தரம் வா" என்றீர்கள். நான் தலையை மட்டும் ஆட்டினேன். முகத்தைக்கூடச் சரியாகப் பார்க்கவில்லை. அந்த வெள்ளைச் சட்டைக்காரனைப் பார்க்கப் போகிற சந்தோஷத்தில் போகிறீர்கள் என்று நினைத்தேன்.

பதினோரு மணிக்கு ஜப்பார் பாய் போன் பண்ணினார். அழுதுகொண்டேதான் சொன்னார். அந்தக் கண்ணாடி ஹாலில் காப்பியை வைத்துவிட்டு நெஞ்சைப் பிடித்தீர்களாம். புது ஆயில் ஊற்றி முடித்து வண்டி தயாராக நின்றதாம். ஜப்பார் பாயால் சாவியைப் போட முடியவில்லை. வெள்ளைச் சட்டைக்காரன் வாங்கிப் போட்டிருக்கிறான். உங்கள் தலையை ஜப்பார் பாய் மடியில் வைத்துக்கொள்ள, அவன் ஓட்டிக்கொண்டு ஆஸ்பத்திரிக்குப் போயிருக்கிறான். நான் பஸ் பிடித்து வந்து சேர்ந்தபோது உங்கள்மேல் துணி போர்த்தியிருந்தார்கள்.

ஒரு வாரம் கழித்து வண்டியைக் கொண்டுவந்து விட்டது அவன்தான். ஷெட்டில் நிறுத்திவிட்டுச் சாவியை என்னிடம் கொடுத்தான். நான் உள்ளே ஏறி உட்கார்ந்தேன். கால் கிளட்சுக்கு எட்டவில்லை. அவன் உயரம். என் சீட்டைப் பின்னால் தள்ளியிருந்தான். அவனை வெட்டிப் போடலாமா என்று வந்தது எனக்கு. இறங்கிப் பார்த்தால், காலில் நீங்கள் கொடுத்த ஷூ. அழுதுகொண்டு நிற்கிறான்.

"வழியில பேசினாரு அண்ணா" என்றான். பெரியவரே என்று சொல்லவில்லை.

"இன்னா பேசினாரு?"

"'சூசை, பள்ளிகொண்டாவுல நிறுத்து, டீ குடிச்சிட்டு போலாம்'னாரு. நாங்க வேலூர விட்டே வெளிய வரல, கிரீன் சர்க்கிள் டிராஃபிக்ல நின்னுக்கினு இருந்தோம். நீங்கதான் ஓட்றீங்கன்னு நெனச்சிட்டாரு போல."

"நீ இன்னா சொன்ன?"

"'சரி பாய்'ன்னேன்."

"நான் சூசை இல்லன்னு சொல்லல?"

"சொல்ல தோணல அண்ணா. அவரு நல்லா சாஞ்சி படுத்துக்கினாரு. அதுக்கப்புறம் பேசல."

அவன் செய்தது நல்ல காரியம். மூளைக்குத் தெரிகிறது. எவ்வளவு வேகமாக ஓட்டியிருப்பான், எத்தனை ஹாரன் அடித்திருப்பான் என்பதும் தெரிகிறது. ஆனால் என் பெயரைச் சொல்லி நீங்கள் கடைசியாகக் கூப்பிட்டதற்குப் பதில் சொன்னது அவன். எனக்குச் சொன்ன டீக்குச் சரி சொன்னது அவன். என் சீட்டு, என் பெயர், என் வாயில் வரவேண்டிய வார்த்தை. நான் வேண்டாம் என்று ரோஷத்தில் தள்ளிவிட்ட இடத்தில்தான் அவன் உட்கார்ந்தான் என்பதை நினைக்கும்போது எரிச்சல் குறையவில்லை பாய், ஜாஸ்திதான் ஆகிறது.

அப்புறம் ஜப்பார் பாயிடம் எத்தனையோ தடவை கேட்டேன். பாய் குரல் எப்படி இருந்தது, கோபமாகவா, சாதாரணமாகவா, டீ என்று சொன்னபோது சிரித்தாரா என்று. அவரும் சலிக்காமல் சொல்வார். போன ரம்ஜானுக்கு முன்னால் அவரும் போய்விட்டார். இனி கேட்க வேண்டுமென்றால் போன் பண்ணி ஷோரூம்காரனிடம்தான் கேட்க வேண்டும். நம்பர் இருக்கிறது. இன்னும் பண்ணவில்லை.

எஸ்தர் பேனாவை நிறுத்திவிட்டாள்.

"மாமா, மொதல்லருந்து வெள்ளச் சட்டக்காரன், வெள்ளச் சட்டக்காரன்னே எழுத சொல்றீங்க. அவருக்கு பேர் இல்லியா?"

இருக்கிறது, எழுதும்மா. அந்த வண்டியில் அன்று இருந்த மூன்று பேரில் இன்று உயிரோடு இருப்பவன் பிரகாஷ் ஒருத்தன்தான்.