மூக்கால் பார்க்கும் தீ

வூயி மலை, புகைக்கூடம்

அன்புள்ள யூலானுக்கு,

அம்மாவின் முழங்கால் வலி தேவலையா? நான் சுகம்தான். நேற்று இங்கே ஒரு வேடிக்கை. மேல்தளத்தில் புகையில் காய்ந்துகொண்டிருந்த தேயிலைத் தட்டு ஒன்று கருகிவிட்டது. கீழே அடுப்பில் பைன் விறகைத் தள்ளிக்கொண்டிருந்த எனக்கு வாசமே தெரியவில்லை.

கூட வேலை செய்யும் தெங் அண்ணன் ஓடிவந்து, "மூக்க அடகு வச்சிட்டியாடா?" என்று சிரித்தார். நானும் சிரித்தேன். இந்த வேலையில் தீயை மூக்கால்தான் பார்க்கவேண்டும். என் மூக்கு விஷயம் முதலாளிக்கு இன்னும் தெரியாது. பிறகு பூண்டை நசுக்கி முகர்ந்தேன். ஒன்றும் தெரியவில்லை. சளியாக இருக்கும்.

அம்மாவிடம் சொல்லாதே. தெங் அண்ணன் கூப்பிடுகிறார். இந்தத் தடவை ஊறுகாய் வேண்டாம், உன் தலையணை உறையைத் துவைக்காமல் அனுப்பு. அதிலும் உன் வாசம் தெரியாவிட்டால் அப்புறம் பயப்படலாம்.

உன்
குவாங்