வைக்கோல் கூடை உன் யோசனை

இன்று காலை பெய்த மழையில் வைக்கோல் வண்டி ஒன்று எங்கள் தெருவில் சக்கரம் புதைந்து நின்றுவிட்டது. நனைந்த வைக்கோலின் வாசனை வீட்டுக்குள் வந்தது. வாசற்கதவைச் சாத்திவிட்டு அடுப்படிக்குப் போய் நின்றேன். அங்கேயும் வந்தது. நீ போய் நாற்பது நாள் ஆகிறது. உனக்குச் சொல்லவேண்டிய ஒன்றை நான்கு வருஷமாகச் சொல்லாமல் வைத்திருந்தேன். இப்போது எழுதுகிறேன்.

'நீ' என்றுதான் எழுதுகிறேன். 'நீங்கள்' என்று மாற்றி எழுதிப் பார்த்தேன், வேறு யாருக்கோ எழுதுவதுபோல் இருந்தது. நமக்கு ஒரே வயது. நீ என்னை 'அம்மா' என்றாய், 'வாங்க' என்றாய். நான் முதல் நாளே உன்னை 'நீ' என்றேன். அதில் ஏதாவது தப்பு இருப்பதாக எனக்கு அப்போது தோன்றவே இல்லை.

அரிசி கிடைக்காத வருஷம் அது. ரேஷனில் கோதுமையும் மக்காச்சோள மாவும்தான். அவற்றை என்ன செய்வதென்று தெரியாமல் பாதிப் பேர் மாட்டுக்குப் போட்டார்கள், மீதிப் பேர் அரைவேக்காடாகத் தின்று வயிற்றைப் பிடித்துக்கொண்டார்கள். எங்கள் மாதர் சங்கத்தில் ஆளுக்கொரு தெருவைப் பிரித்துக்கொண்டோம். இருப்பதை வைத்து வீட்டிலேயே வயிறார எப்படிச் சமைப்பது என்று சொல்லிக்கொடுக்க வேண்டும். செங்கம் ரோட்டுக்குப் பின்னால் இருந்த உங்கள் குடிசைத் தெரு எனக்கு வந்தது. வாத்தியார் பெண்டாட்டி, ஒரு வாரம் பயிற்சி எடுத்தவள், கஞ்சி போட்ட வெள்ளைப் புடவை. புதன்கிழமை தோறும் பம்ப் ஸ்டவ்வைத் தூக்கிக்கொண்டு வந்தேன்.

முதல் புதன்கிழமை முழுக்கோதுமையை வேகவைத்து முருங்கைக்கீரை போட்டுக் காட்டினேன். பெண்கள் எல்லாரும் தலையாட்டினார்கள். நீ மட்டும் பின்னால் கையைக் கட்டிக்கொண்டு நின்றாய். பக்கத்தில் நீ இறக்கிவைத்த விறகுக்கட்டு.

"இது வேவறதுக்கு எத்தினி கட்டை புடிக்கும்மா?" என்று கேட்டாய்.

எனக்குத் தெரியவில்லை. ஸ்டவ்வைப் பார்த்தேன், உன்னைப் பார்த்தேன்.

"நான் காட்டுல பொறுக்கறத நானே எரிச்சுட்டா அப்புறம் இன்னாத்த விக்கறது?" என்றாய். எல்லாரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன், ஆனால் முகம் எரிந்தது. விறகைப் பற்றி எங்கள் பயிற்சியில் யாருமே ஒரு வார்த்தை சொல்லியிருக்கவில்லை.

அன்று வெந்ததை எல்லாருக்கும் கொடுத்துவிட்டு நீ ஒரு தட்டில் எனக்கும் போட்டு வந்தாய். "நீங்களும் சாப்டுங்கம்மா." உன் வீட்டுத் தட்டு. "இன்னிக்கு விரதம்" என்றேன். நீ தலையாட்டிவிட்டுத் தட்டை எடுத்துக்கொண்டு போனாய். அடுத்த புதனும் விரதம் என்றேன். அதற்கடுத்த புதன் நீ கேட்கவில்லை.

ஒரு மாதம் கழித்து நீயே என்னைக் கையைப் பிடித்து இழுக்காத குறையாக உன் குடிசைக்குள் கூப்பிட்டாய். மூலையில் ஒரு பழைய மூங்கில் கூடை. அதில் வைக்கோலை இறுக்கி அடைத்து நடுவில் குழி பண்ணியிருந்தாய். குழிக்குள் மூடிய மண்சட்டி, மேலே கோணிச்சாக்கு. விடியுமுன் காட்டுக்குப் போகிறவள் நீ. எரிகிற அடுப்பை இரண்டு பெண் குழந்தைகளிடம் விட்டுப்போகப் பயம், ஓலைக் குடிசை ஆயிற்றே. அதற்காக நீ கண்டுபிடித்த வழி அது. இரவு கோதுமையை ஊறப்போட்டு, காலையில் ஒரு தடவை கொதிக்கவிட்டு, அப்படியே கூடைக்குள் இறக்கி மூடிவிட்டுப் போவாய். நீ சந்தையில் விறகை விற்றுத் திரும்பும்போது மலர வெந்திருக்கும்.

"ஒரு கொதி வந்தாப் போதும்மா. மீதிய வைக்கோலு பாத்துக்கும்" என்றாய்.

சாக்கைத் தூக்கினாய். ஆவி முகத்தில் அடித்தது. அன்று நான் விரதம் என்று சொல்லவில்லை. உன் தட்டில் சாப்பிட்டேன். நீ அதை ஒன்றும் பெரிதுபடுத்தாமல் உப்பு போதுமா என்று மட்டும் கேட்டாய். அன்று வீட்டுக்கு நடந்து வரும்போது நான் எவ்வளவு சந்தோஷமாக இருந்தேன் தெரியுமா? அதனால்தான் அதற்குப் பிறகு நான் செய்ததை என்னாலேயே நம்பமுடியவில்லை.

நாம் இரண்டு பேரும் தெருத்தெருவாகப் போனோம். நீ கூடை அடைத்துக் காட்டுவாய், நான் பேசுவேன். பிறகு சங்கத்து விழா வந்தது. கல்யாண சத்திரம் ஒன்றில் சமையல் கண்காட்சி, வேலூரிலிருந்து ஒரு பெரிய அம்மாள் பார்க்க வந்திருந்தார். என் மேஜைமேல் உன் கூடை. நீ இரண்டடி தள்ளி, இன்னும் கொஞ்சம் வைக்கோலைக் கையில் வைத்துக்கொண்டு நின்றாய். அந்த அம்மாள் சாக்கைத் தூக்கிப் பார்த்து அசந்துபோனார்.

"அட, யாரோட யோசனை இது?"

"எல்லாம் இவங்கதான்" என்று எங்கள் தலைவி என் தோளில் கை வைத்தார்.

இல்லை என்று சொல்ல ஒரு நொடி போதும். நான் சொன்னது இது: "ஏதோ... வீட்ல பண்ணிப் பாத்தேங்க."

கைதட்டினார்கள். நீயும் கைதட்டினாயா என்று தெரியாது. நான் உன் பக்கம் திரும்பவில்லை.

அதோடு முடிந்திருந்தால் வெறும் வீண்பெருமை என்று மனசை ஆற்றிக்கொண்டிருப்பேன். அந்த அம்மாள் போகும்போது என்னைத் தனியே கூப்பிட்டார். "ஒரு ஸ்கூல்ல மதியச் சாப்பாடு சமைக்க ஆள் வேணும். இந்த மாதிரி விறகை மிச்சம் பண்ணத் தெரிஞ்ச ஏழைப் பொண்ணு யாராவது இருந்தா சொல்லுங்க, உடனே போட்டுடலாம்." உன் பெயர் நாக்கு நுனிவரை வந்தது. உன்னை அங்கே சேர்த்தால் யாராவது ஒருநாள் கூடையைப் பற்றிக் கேட்பார்கள், நீ உள்ளதைச் சொல்லிவிடுவாய். அந்தப் பயம்தான். தலைவி வீட்டில் பாத்திரம் தேய்த்தவளின் பெயரைச் சொன்னேன். அவளும் ஏழைதான் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன்.

அடுத்த புதன்கிழமை நீ எப்போதும்போல வந்தாய். ஸ்டவ்வைத் துடைத்துக்கொண்டே கேட்டாய். "சத்திரத்துல பேசிக்கிட்டாங்களே, அந்த ஸ்கூல் வேலைக்கு ஆளு வெச்சிட்டாங்களாம்மா?"

"ஆமா, முன்னாடியே பேசி வெச்சிருந்தாங்க போல."

"சரிம்மா." கொஞ்ச நேரம் கழித்து, "கெடச்சிருந்தா காட்டுக்குப் போவ வேணாம், அதான் கேட்டேன்" என்றாய்.

அப்புறம் நான்கு வருஷம் நீ காட்டுக்குப் போனாய். இந்த மழைக்காலத்தில் காய்ச்சலோடு மூன்று நாள் போனாயாம். நான்காம் நாள் எழுந்திருக்கவில்லையாம். மழையால் இரண்டு புதன் நான் உங்கள் தெருப்பக்கமே வரவில்லை. சந்தையில் உன் பக்கத்துக் குடிசைக்காரி சொல்லித்தான் எனக்குத் தெரியும், அதுவும் எல்லாம் முடிந்து பத்து நாளுக்கு அப்புறம். அந்த வேலை கிடைத்திருந்தால் நீ இன்று இருந்திருப்பாய் என்று சொல்ல எனக்குத் தைரியம் இல்லை. இருந்திருக்கமாட்டாய் என்று சொல்லவும் வாய் வரவில்லை.

போன வாரம் சங்கக் கூட்டத்தில் எழுந்து நின்று சொல்லிவிட்டேன். கூடை உன்னுடையது என்றேன், வேலை விஷயத்தையும் சொன்னேன். "அதெல்லாம் இப்ப எதுக்குங்க? விடுங்க" என்று தலைவி அடுத்த விஷயத்துக்குப் போய்விட்டார். பொங்கல் கோலப்போட்டி.

அங்கிருந்து நேராக உன் குடிசைக்குப் போனேன். உன் தங்கை வந்து குழந்தைகளோடு இருக்கிறாள். அவள் வேலைக்குப் போயிருந்தாள், உன் பெரியவள் மட்டும் இருந்தாள். அவளிடமும் எல்லாவற்றையும் சொன்னேன். கேட்டுக்கொண்டு நின்றவள், "அம்மாவுக்குத் தெரியுங்க" என்றாள்.

"எது? வேலை விஷயமா?"

"அதுவுந்தான். அந்த ஸ்கூல்ல சமைக்கறாங்களே, அவங்களே சந்தையில அம்மாகிட்ட சொன்னாங்களாம், நீங்கதான் பேர் குடுத்தீங்கனு."

"எப்ப?"

"அப்பவே. ரொம்ப நாளாச்சுங்க."

"அம்மா என்ன சொன்னாங்க?"

அவள் யோசித்தாள். "'பாவம், அத்தினி பேருக்கு முன்னால அந்தம்மா பயந்துடுச்சு. அப்புறம் எப்படித் திருப்பிச் சொல்லும்'னு சொல்லுச்சுங்க."

எல்லாம் தெரிந்துதான் நான்கு வருஷம் புதன்கிழமை தோறும் வந்தாயா? தெரிந்துதான் என் ஸ்டவ்வைத் துடைத்துக் கொடுத்தாயா? ராத்திரி படுத்தால் அந்தப் புதன்கிழமைகளை ஒவ்வொன்றாக எடுத்துப் பார்க்கிறேன். நீ பேசியது ஞாபகம் வருகிறது, உன் கை வைக்கோலை அடைத்தது ஞாபகம் வருகிறது. உன் முகம் எப்படி இருந்தது என்பது மட்டும் வரவில்லை. சத்திரத்தில் திருப்பிக்கொண்ட கண்ணை நான் அதற்கப்புறம் உன் பக்கம் கொண்டுவரவே இல்லை.