நானூற்று முப்பத்தெட்டு

நாள் 31 — 07:40

நிலவுத் தளம், தென்முனை. பணியில் ஒரே ஆள்: முனைவர் இசக்கியம்மாள், இயற்பியல். காற்றழுத்தம் சரி. தண்ணீர் சரி. உப்புமா சரியில்லை, அதற்குப் பதிவேட்டில் கட்டம் இல்லை.

சூரியப் புயல் எச்சரிக்கைக் கருவி போன வாரம் புகைந்து செத்தது. மாற்றுக் கருவி வர இரண்டு மாதம். அதுவரை, பாளையங்கோட்டை மாணவர்கள் பாடத்துக்காகச் செய்து அனுப்பிய துகள் எண்ணிதான் எனக்குக் காவல். இரண்டு பிளாஸ்டிக் தகடுகள்; ஒரு துகள் இரண்டையும் ஒரே கணத்தில் துளைத்துப் போனால் ஓர் எண்ணிக்கை. எண்ணுவது ஒரு போர்டு. அதன் சில்லுக்குள் எது எதனோடு இணைய வேண்டும் என்று நிரல் எழுதி ஏற்றியவர்கள் இருவர்: செல்வின், ஆபிதா. இரண்டு வருடம் முன்பு என்னிடம் லேபில் படித்தவர்கள்.

பத்து நிமிடத்துக்குத் தொள்ளாயிரம் இயல்பு. மூவாயிரத்தைத் தாண்டினால் மணி அடிக்கும். அடித்தால் இரண்டு மணி நேரத்துக்குள், கதிர்வீச்சைத் தடுக்கும் தண்ணீர்ச் சுவர் வைத்த அறைக்குள் போய்விட வேண்டும். இல்லாவிட்டால் பிழைக்க மாட்டேன்.

இன்று: 899, 902, 900.

நாள் 32 — 10:15

இங்கிருந்தே பாளையங்கோட்டை மாணவர்களுக்கு வீடியோ வகுப்பு. பாடம்: எண்ணிக்கையின் சிதறல். துகள்கள் டோக்கன் வாங்கிக்கொண்டு வரிசையில் வருவதில்லை. நானூறு எதிர்பார்த்தால் இருபது முன்னே பின்னே விழும், எப்போதாவது நாற்பதும் விழும். தொள்ளாயிரம் என்றால் முப்பது. சிதறாத ரீடிங் சமைத்த ரீடிங் என்று வீறாப்பாகச் சொல்லிக்கொண்டே என் திரையைப் பார்த்தேன்.

901, 898, 900, 899.

வகுப்பைப் பாதியில் முடித்தேன்.

நாள் 32 — 16:30

பழைய பதிவுகளைப் புரட்டினேன். எண்ணி இயங்கிய முதல் நாள்: 871, 934, 948, 886. அது உண்மை. இரண்டாம் நாளிலிருந்து எதுவும் மூன்றுக்கு மேல் நகரவில்லை. கருவி நிலைபெற்றுவிட்டது என்று அப்போது மகிழ்ந்த முட்டாள் நான்தான்.

யாரோ கைவைத்திருக்கிறார்கள். திருநெல்வேலிக்காரிக்கே அல்வா! செல்வின்தான். எந்த பிராக்டிகலிலும் அவனுக்குப் பத்துக்குப் பத்து. எனக்கு எப்போதுமே அவன்மேல் ஒரு கண் உண்டு. கேட்டு அனுப்பினேன். வந்த பதில்:

"என்ன மேடம் இப்படிச் சொல்லுதீங்க? நான் தகடு பக்கத்து வேலைதான் பாத்தேன். எண்ணுத பகுதி ஆபிதா எழுதினது. ரீடிங்லாம் சூப்பரா வருதுல்லா மேடம், அப்புறம் என்ன?"

பழியை அந்தப் பிள்ளைமேல் தள்ளுகிறான். ஆபிதா வாய் திறந்து பேசாத பெண். பயல் சரியான கேடி.

நாள் 33 — 11:00

ஆபிதா இணைப்பில் வந்தாள், கேமராவை அணைத்துவிட்டு. "நிரலை முழுசா அனுப்பு" என்றேன். கீபோர்டு தட்டும் சத்தம் கேட்டது. பிறகு: "நாளைக்கு அனுப்புதேன் மேடம். நெட் சரியில்ல." நெட் சரியில்லாமலா என் பேச்சு அவளுக்கு இவ்வளவு தெளிவாகக் கேட்டது? செல்வின் பக்கத்தில் உட்கார்ந்து மிரட்டுகிறானோ?

நாள் 33 — 14:05

பூமியோடு பேசும் தொடர்புக் கம்பம் செயலிழந்தது. இனி எந்தத் தகவலும் வராது, போகாது. இதிலும் சந்தேகம் வருகிறது. நிரலைக் கேட்ட அன்றைக்கேவா? சீ, இது தூசி செய்த வேலை. மண்டை சூடாகிவிட்டது.

நாள் 34 — 06:30

கம்பத்தைச் சரிசெய்யப் போகிறேன். பதினொரு கிலோமீட்டர், வண்டியில் இரண்டு மணி நேரம். தளத்திலுள்ள எண்ணி ரேடியோவில் நேரடியாக வண்டிக்கு எண்களைச் சொல்லும். மணி அடித்தாலும் கேட்கும், திரும்பிவர நேரம் இருக்கும்.

எண்ணியின் கேபிளைக் கழற்றிவிட்டு என்ன வருகிறது என்று பார்க்கத் தோன்றியது. விண்வெளி உடை மாட்டியாகிவிட்டது, இந்தக் கையுறையோடு கேபிள் பிடிபடாது. உடையைக் கழற்றி மாட்ட ஒரு மணி நேரம். அழகுபடுத்தியது திரையில் காட்டும் எண்ணைத்தான், மணிக்கான கணக்கு தனி என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். 900. கிளம்பினேன்.

நாள் 34 — 09:20

கம்பத்தடியில். மார்பில் செருகிய டோஸ் பேனாவின் முள் நகர்ந்திருக்கிறது. உடம்பு வாங்கிய கதிர்வீச்சைக் காட்டும் பேனா. போன மாதமும் பொய் சொன்னது. எண்ணி: 901. தட்டிப் பார்த்தேன். முள் இறங்கவில்லை.

நாள் 34 — 10:05

முள் மஞ்சளில். எண்ணி: 899. இரண்டில் ஒன்று பொய். பேனா சொன்னது ஒரு தடவை, எண்ணி சொன்னது நூறு தடவை. பேனாதான் பழுது. வேலையை முடிக்கிறேன்.



நாள் 34 — 11:10

கம்பம் உயிர்பெற்றது. தேங்கிக் கிடந்தவை மொத்தமாகக் கொட்டின.

08:50, கட்டுப்பாட்டு அறை: "மேடம், சூரியன்ல பெரிய வெடிப்பு. உடனே தண்ணி ரூமுக்குள்ள போயிருங்க. கேக்குதா? கேட்டா பதில் சொல்லுங்க."

இதையே பதினான்கு தடவை சொல்லியிருக்கிறார்கள்.

09:30, ஆபிதா: "மேடம், செல்வின் மேல தப்பு இல்ல. நான்தான். ஃபர்ஸ்ட் இயர்ல துகள் எண்ணுத பிராக்டிகல்ல 438னு ரீடிங் எழுதினேன். நீங்க சிவப்பு மையில அடிச்சு, புத்தகத்துல நானூறுதான் இருக்கு, எங்கேருந்து புடிச்சன்னு எல்லார் முன்னாடியும் கேட்டீங்க. பாதி மார்க்கு போட்டீங்க. அதான் இந்தத் தடவை விலகிரக் கூடாதுன்னு, முதல் நாள் சராசரிய விட்டு எங்க போனாலும் சில்லுக்குள்ளயே இழுத்து வைக்கிற மாதிரி எழுதிட்டேன். மணியும் அந்த எண்ணைத்தான் பாக்கும். கேபிளக் கழட்டினாலும் தொள்ளாயிரந்தான் வரும் மேடம். அத நம்பாதீங்க. உள்ளதான இருக்கீங்க? மேடம்?"

நாள் 34 — 11:50

வண்டியில். முள் சிவப்பைத் தாண்டி முட்டி நிற்கிறது. வழியில் குகை இல்லை, பெரிய பாறைகூட இல்லை. தளத்துக்கு இன்னும் ஏழு கிலோமீட்டர்.

எனக்கு அந்த நோட்டு நினைவிருக்கிறது. நீல அட்டை. ஐந்து சதவீதத்துக்கு மேல் விலகினால் பாதி மதிப்பெண் என்று விதி போட்டவள் நான். நானும் மாணவியாக இருந்தபோது விடையைப் பார்த்துப் பின்னாலிருந்து ரீடிங் சமைத்தவள்தான். அந்த வகுப்பில் உண்மையை எழுதியது அந்த ஒரு பிள்ளை. நான் போய் செல்வின்மேல் சந்தேகப்பட்டேன், இவள்மேல் பரிதாபப்பட்டேன். சந்தேகப்பட வேண்டிய ஆள் கண்ணாடியில் இருந்தாள்.

நாள் 34 — 12:35

ஹெல்மெட்டுக்குள் வாந்தி. வழி தெரியவில்லை. வண்டி நின்றுவிட்டதா, நான் நிறுத்தினேனா தெரியவில்லை.

எண்ணி ரேடியோவில் சொல்லிக்கொண்டே இருக்கிறது. 900. 901. இனிமையான குரல்.

கல்லூரிக்கு, மதிப்பெண் திருத்தம்: ஆபிதா, முதலாமாண்டு பிராக்டிகல். 438 சரி. சிதறலுக்குள்தான். முப்பத்தெட்டு, இருபதின் இரண்டு மடங்குக்குள். பத்துக்குப் பத்து. சிவப்பு மையை

ஆபிதாவிடம் நான் உள்ளேதான் இருந்தேன் என்று சொல்லிவிடுங்க

தானியங்கிப் பதிவு — 12:50
எண்ணிக்கை: 899. நிலை: இயல்பு.

தானியங்கிப் பதிவு — 13:00
எண்ணிக்கை: 900. நிலை: இயல்பு.