டீச்சரம்மாவுக்கு ஒரு கேசட்

1998 மார்ச் 3, செவ்வாய். சுகர் லேண்ட், அமெரிக்கா

புழுக்கம். மழை வரும்போல இருந்து, வரவில்லை. அம்மாவுக்கு மாத்திரை வாங்க வேண்டும். காரேஜ் கதவுக்கு எண்ணெய்.

அம்மா இன்றும் காரேஜில்தான். கதவைப் பாதி தூக்கிவிட்டு, மடியில் எழுதும் பலகை. இங்கே வந்து மூன்று வருடம். அதே நாவல், அதே பன்னிரண்டாம் அத்தியாயம். உள்ளே ஏசி இருக்கிறதே என்றேன்.

"உள்ளயும் சத்தமில்ல, வெளியயும் சத்தமில்ல. இந்த ஊர்ல யாரும் ரோட்டுல நின்னு சண்டையே போட மாட்டாங்களா கண்ணு?"

ஊரில், கோபியில் எங்கள் வீட்டில், அம்மாவின் மேஜை ஜன்னலோரம். ஜன்னலுக்கு வெளியே பஸ் நிறுத்தம். பள்ளிக்கூடத்தில் பாடம் நடத்திவிட்டு வந்ததும் அங்கே உட்கார்ந்துதான் அத்தனை நாவலும். கதையில் பேசுகிறவர்கள் எல்லாம் பஸ்ஸுக்கு நின்றவர்களாம். எழுதாமலிருக்க இது ஒரு சாக்கு என்பது என் கட்சி.

மார்ச் 7, சனி

இந்தியக் கடை. து.பருப்பு, இட்லி அரிசி, முருங்கைக்காய் (ஐஸ் வைத்தது). அம்மாவைக் கல்லா அருகே நாற்காலியில் உட்காரவைத்திருந்தேன், பேச்சுக் கேட்கட்டும் என்று. திரும்பும்போது,

"ஒருத்தி கூப்பன் இருக்கான்னா. இன்னொருத்தி ஃப்ரீவே ஜாம்னா. மத்தவங்கெல்லாம் தேங்க்யூ. தேங்க்யூவ வெச்சுட்டு நான் என்னத்த எழுதறது?"

தம்பிக்கு போன். கோபி வீட்டை வாங்க ஆள் வந்துவிட்டதாம், அம்மா கையெழுத்துதான் பாக்கி. அதை அப்புறம் பேசலாம், ஜன்னலில் டேப் ரெக்கார்டரை வை, பஸ்ஸுக்கு நிற்கிறவர்கள் பேச்சைப் பிடி என்றேன்.

"உனக்கென்னக்கா பைத்தியமா?"

"வை."

மார்ச் 24, செவ்வாய்

கேசட் வந்தது. சமையலறையில் போட்டோம்.

தம்பி, இது அமெரிக்கா போகிறது என்று நிறுத்தத்தில் எல்லோரிடமும் சொல்லியிருக்கிறான். "டீச்சரம்மா, நல்லாருக்கறீங்களா?" "அங்க குளிருங்களா?" பழைய மாணவர் ஒருவர், குரலைப் பார்த்தால் ஐம்பது வயது, "உள்ளேன் டீச்சர்." எனக்குச் சிரிப்பு. அம்மாவுக்கு இல்லை.

"எல்லாரும் மேடையேறிட்டாங்க."

கடைசியில் டேப் ஓடுவது தெரியாமல் ஒரு பெண். "சத்தி பஸ்ஸு போயிருச்சுங்களா?" "அப்பவே போயிருச்சே." "அப்ப அவனும் போயிட்டானா?" அத்தோடு டேப் முடிந்தது.

திரும்பத் திரும்பப் போடச் சொன்னாள். பிறகு பலகை. இட்லி ஆறிப்போனது. சாப்பிடக் கூப்பிட்டதற்குக் கையை மட்டும் ஆட்டினாள்.

ஆக, சாக்கு இல்லை.

மார்ச் 26, வியாழன்

இதய டாக்டர். அம்மாவை ஊருக்கு அனுப்பலாமா என்று கேட்டேன். ஒரு தடவை பறப்பதே ஆபத்து, திரும்பி வருவதை மறந்துவிடுங்கள் என்றார், என்னிடம் தனியாக. காரில் அம்மா கேட்டாள். மறைக்கவில்லை.

"வர்றத இப்ப யாரு கேட்டா?" என்று சீட் பெல்ட்டைப் போட்டுக்கொண்டாள்.

வீட்டில் என் கணவர்: "இங்க இருந்தா இன்னும் ரெண்டு வருஷம் இருப்பாங்க."

"காரேஜ்லயா?"

"ஆறு மாசத்துக்கு மேல போனா கிரீன் கார்டு போயிரும்."

"போகட்டும்."

இவர் செய்தித்தாளை எடுத்துக்கொண்டார். ரசத்துக்கு உப்பு மறந்துவிட்டேன். யாரும் சொல்லவில்லை.

மார்ச் 28, சனி

தம்பிக்கு மறுபடி போன். வீட்டை விற்கக்கூடாது.

"அட்வான்ஸ் வாங்கியாச்சுக்கா."

"திருப்பிக் குடு. மேஜைய ஜன்னல்கிட்டப் போடு."

"யாரு பாத்துக்கறது?"

"முதல் ரெண்டு மாசம் நான். லீவ் எழுதிக் குடுத்தாச்சு. அப்புறம் நீ. உனக்கும் அம்மாதானே."

தம்பி, "மேஜைல ஒரு கால் ஆடுதுக்கா. ஆசாரியக் கூப்பிடறேன்."

உடனே டிக்கெட் ஏஜென்டுக்கு. இரண்டு டிக்கெட், ஒரு வீல்சேர். திரும்பும் தேதி கேட்டாள். என்னுடையதைச் சொன்னேன்.

"மதருக்கு?"

காரேஜில் அம்மா எழுதியதை வாய்விட்டுப் படித்துக்கொண்டிருந்தாள், ஆண் குரலில் ஒரு வரி, பெண் குரலில் ஒரு வரி.

ஒன்வே என்றேன். அம்மா பெயருக்கு ஏஜென்ட் ஸ்பெல்லிங் கேட்டாள். ஒவ்வோர் எழுத்தாகச் சொன்னேன்.