உப்பு போடாத குழம்பு

அம்மா,

அசந்து தூங்குறே, எழுப்ப மனசு வரல. கஞ்சி ஃபிளாஸ்க்ல இருக்கு. வாந்தி மாத்திரையப் போட்டு அரை மணி கழிச்சுக் குடி.

கீமோ ஆரம்பிச்சதுலேர்ந்து உன் நாக்குக்கு ருசி தெரியல, உப்ப அள்ளிப் போட்டே. அத மறைச்சு, குழம்பு நல்லாருக்குன்னு மூணு மாசமா நாங்க பொய் சொன்னது தப்புதான். அப்பா செம்பு செம்பா தண்ணி குடிச்சது வெயிலுக்கு இல்ல.

நேத்து அத்தை ஒரு வாய் வச்சதுமே போட்டு உடைச்சிட்டாங்க. "இனிமே அடுப்புப் பக்கமே வரமாட்டேன்"னு நீ சொன்னதுலேர்ந்து எனக்குச் சோறு இறங்கல.

காய் நறுக்கி வச்சிருக்கேன். நீயே குழம்பு வை, உப்பு மட்டும் போடாதே. நான் சாயங்காலம் வந்ததும் கொஞ்சம் கொஞ்சமா போடு. ருசி பாத்து உள்ளதச் சொல்றேன்.

இன்னொண்ணு. அதுவரைக்கும் அப்பாவ ருசி பாக்கச் சொல்லாதே. உப்பே இல்லாட்டியும் அவரு நல்லாருக்குன்னுதான் சொல்வாரு.